பழைய வரைபடத்தில் கல்வெட்டாங்குழியைத் தேடுவது எப்படி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கல் வெட்டியெடுத்த அந்தக் குழியைத் தேடாதீர்கள். ஒரு மைலை ஒரு அங்குலமாகச் சுருக்கிய பழைய சர்வே தாளில் 50 மீட்டர் அகலக் குழி ஒரு மில்லிமீட்டர்கூட வராது. தேட வேண்டியது வண்டித்தடம். வேளிமலை அடிவாரத்திலோ குலசேகரத்துக்கு மேலே உள்ள சரிவிலோ ஒரு தடம் கிளம்பி, அடுத்த ஊருக்கும் போகாமல் கோயிலுக்கும் போகாமல் பாறையடியில் போய் நின்றுவிட்டால், அங்கிருந்து எதையோ ஏற்றியிருக்கிறார்கள். கல்லாக இருக்கலாம், வெட்டிய மரமாகவும் இருக்கலாம். அவசரப்பட்டு முடிவு கட்ட வேண்டாம்.

தாள் எங்கே கிடைக்கும்? நம் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1 அன்றுதான், அதனால் பழைய தொகுப்புகளில் திருவிதாங்கூர் என்று தேடுங்கள். சர்வே தாளின் எண் 58 எச் என்று தொடங்கும். ஆண்டு கிழிந்து போயிருந்தால் பேச்சிப்பாறையைப் பாருங்கள்: அணைக்கட்டு வேலை முடிந்தது 1906இல், நீர்த்தேக்கமே இல்லாமல் கோதையாறு மட்டும் ஓடினால் தாள் அதற்கு முந்தைய அளவீடு.

அப்புறம் தாளை க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஏற்றி இன்றைய படத்தோடு பொருத்த வேண்டும். இங்கேதான் நான் இரண்டு நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்துக்கு முந்தைய தாள்களில் தீர்க்கரேகை 2 நிமிடம் 27 விநாடி கூடுதலாக இருக்கும், நம் பக்கத்தில் அது கிட்டத்தட்ட நாலரை கிலோமீட்டர்! தாளின் ஓரக் குறிப்பைப் படித்துக் கழித்துவிட்டு, கோயில், ஆற்றுச் சந்திப்பு மாதிரி இடம் மாறாத புள்ளிகளை வைத்துப் பொருத்துங்கள். குளக்கரையை நம்பாதீர்கள்.

சரி, இப்போது சமஉயரக் கோடுகள், அதாவது ஒரே உயரத்து இடங்களை இணைக்கும் கோடுகள்; நெருங்கினால் சரிவு செங்குத்து. பழையதில் உயரம் அடியில், புதியதில் மீட்டரில். பழைய தாளில் முழுசாக நிற்கும் மலைமூக்கு புதியதில் மாங்காயைக் கடித்த மாதிரி இருந்தால், அதாவது கோடுகள் ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு நின்று அதன் கீழே சமதரை வந்தால், அது வெட்டிய இடம்தான் என்று நான் எழுதி வைப்பேன். கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளுக்குத் தள்ளிப் பாருங்கள், மழைக்குப் பிந்தைய படத்தில் கூரான மூலைகளோடு ஒரு நீர்நிலை தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். ரப்பர் தோட்டத்துப் படிக்கட்டு வரப்புகளும் மேலிருந்து பார்த்தால் கல் வெட்டிய தட்டுகள் மாதிரியே ஏமாற்றும், ஆனால் அவை சரிவைச் சுற்றி வளைந்து ஓடும்.

நேரில் போவதானால் வனத்துறை அனுமதி வாங்கிவிட்டுப் போங்கள். குழித்தண்ணீரில் மட்டும் காலை வைக்காதீர்கள், கரையிலிருந்து ஓரடி தள்ளினாலே நிலைகொள்ளாத ஆழம்.