பசித்தவள் என்று பேர் வாங்கிய டீச்சர்: வெளிநாட்டு மிஷனரிப் பணியில் கால் ஊன்றுவது எப்படி?

19 வருடம் வகுப்பறையில் நின்றவள் நான். ஞாயிற்றுக்கிழமை பெண்கள் கூட்டத்தில் பேசுவேன். பேச்சாளர் வரவில்லை என்றால் கடைசி நிமிஷத்தில் என்னைத்தான் எழுப்பிவிடுவார்கள். அப்படிப்பட்டவள் மிஷனரியாக வேறொரு நாட்டில் போய் இறங்கிய முதல் மாதம், பார்க்கிறவர்களிடமெல்லாம் "நான் டீச்சர்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்த மொழியில் டீச்சருக்கும் பசித்தவளுக்கும் ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். ஒன்று குறில், ஒன்று நெடில். நான் மாற்றிச் சொல்லியிருக்கிறேன். போன வீட்டிலெல்லாம் உட்காரவைத்துத் தட்டை நீட்டினார்கள். என்ன அன்பான ஜனங்கள் என்று கடிதம்கூட எழுதிவிட்டேன். வீட்டுக்கார அம்மாவின் ஆறு வயதுப் பேரன்தான் ஒரு நாள் சிரித்துச் சிரித்து விஷயத்தைப் போட்டு உடைத்தான்.

நாட்டின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அங்கே இன்னும் இருக்கிறவர்களுக்கு என்னால் தொந்தரவு வரக்கூடாது. 11 வருடம் இருந்தேன். இப்போது கிளம்பப்போகிறவர்கள் வந்து, "போனதும் என்ன செய்ய வேண்டும் அக்கா?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இது.

கிளம்பும் முன்

பாஸ்போர்ட், விசா, தடுப்பூசி எல்லாம் அனுப்பும் அமைப்பே பார்த்துச் சொல்லும். மஞ்சள் காய்ச்சல் ஊசி கேட்கிற நாடாக இருந்தால் மட்டும் கடைசி வாரம் வரை தள்ளிப்போடாதீர்கள். போட்டு 10 நாள் கழித்துத்தான் அந்தச் சான்றிதழ் செல்லும். பல்லையும் காட்டிவிட்டுப் போங்கள். பல்வலியோடு புது மொழியில் வினைச்சொல் படித்தவள் சொல்கிறேன்.

அப்புறம் நான்கு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். அங்கே நான் யாருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும்? என் வேலையை மாற்ற யாருக்கு அதிகாரம்? ஆதரவுப் பணம் நின்றுபோனால் எத்தனை மாதம் தாக்குப்பிடிக்க ஏற்பாடு இருக்கிறது? ராத்திரி 2 மணிக்கு ஆபத்து என்றால் யாரைக் கூப்பிடுவது? நான் முதல் கேள்வியைக் கேட்டபோது, "கர்த்தருக்குத்தான்" என்றார்கள். நானும் ஆமென் சொல்லிவிட்டு விமானம் ஏறினேன். மூன்றாம் மாதமே இரண்டு பேர் ஆளுக்கொரு வேலை சொல்ல, நடுவில் நின்று திருதிருவென்று விழித்தேன்.

விசா எந்த வேலைக்கோ அந்த வேலையை நிஜமாகவே, ஒழுங்காகச் செய்யுங்கள். அந்த நாட்டுச் சட்டம் மதத்தைப் பற்றிப் பேச எதுவரை அனுமதிக்கிறது என்பதையும் போகும் முன்னே தெரிந்துகொள்ளுங்கள். "நீ யார், இங்கே ஏன் வந்தாய்?" என்ற கேள்விக்கு அதிகாரியிடம் ஒரு பதில், பக்கத்து வீட்டில் ஒரு பதில், தாய்ச்சபைக்கு எழுதும் கடிதத்தில் ஒரு பதில் என்று வைத்திருந்தால், ஒரு நாள் மூன்றும் ஒரே மேசைக்கு வந்து சேரும். என் பதில் இதுதான்: "நான் கிறிஸ்தவள், பள்ளிக்கூட டீச்சர். கேட்கிறவர்களிடம் என் விசுவாசத்தைப் பற்றியும் பேசுவேன்." யார் கேட்டாலும் இதையேதான் சொன்னேன்.

முதல் இரண்டு வருடம்: ஒன்றாம் வகுப்பு

மொழிதான் வேலை. வேலைக்கு நடுவே மொழி என்று வைத்துக்கொண்டவர்கள் பத்து வருடம் கழித்தும் கடையில் விரலால் காட்டித்தான் சாமான் வாங்குகிறார்கள்.

லீஸ்திராவில் பவுல் ஒரு சப்பாணியை எழுந்து நடக்கவைத்ததும் ஜனங்கள் கூச்சல் போட்டதை அப்போஸ்தலர் 14-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். கூச்சல் லிக்கவோனியா பாஷையில். கூடப்போன பர்னபாவை யூப்பித்தர் என்றும் பவுலை மெர்க்கூரி என்றும் தங்கள் தெய்வங்களின் பெயரைச் சொல்லிக் கொண்டாடுகிறார்கள். இவர்கள் இரண்டு பேருக்கும் விளங்கவில்லை போலிருக்கிறது. பலி கொடுக்க எருதும் மாலையும் வந்த பிறகுதான் வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டு கூட்டத்துக்குள் ஓடுகிறார்கள். பவுலுக்கே அந்தக் கதி என்றால் நமக்கு?

ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்து இறங்கியபோது அவருக்கு இன்னும் 24 வயது நிரம்பவில்லை. ஜெர்மானியப் பல்கலைக்கழகத்தில் படித்தவர், குருப்பட்டம் பெற்றவர். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதினார். அடுத்த சுமார் ஒன்பது வருடத்தில் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி வந்ததை எல்லாப் பிரசங்கத்திலும் சொல்கிறோம். அந்த மணலைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. எனக்கு அதுதான் உதவியது.

நான் செய்த முறை இது. காலையில் மொழி சொல்லிக்கொடுக்கும் பெண்ணிடம் மூன்று வாக்கியம் மட்டும் வாங்குவேன். அவர் ஒரு தடவை மெதுவாகவும் ஒரு தடவை வீட்டில் பேசுகிற வேகத்திலும் சொல்ல, போனில் பதிவுசெய்துகொள்வேன். வாய் தானாக வரும்வரை கேட்டுக்கேட்டுச் சொல்லிப் பார்ப்பேன். அப்புறம் தெருவில் இறங்கி அதே மூன்று வாக்கியத்தை 20 பேரிடம் சொல்ல வேண்டும். பஸ்ஸுக்கு நிற்பவர், தையல்காரர், வாட்ச்மேன், யாராக இருந்தாலும் சரி. முதல் ஐந்து பேருக்குள் வெட்கம் போய்விடும். பத்தாவது ஆள் எனக்குத் தெரியாத ஏதோ ஒன்றைத் திருப்பிக் கேட்பார். அதுதான் நாளைய பாடம். சாயங்காலம் தப்புகளையெல்லாம் ஒரு நோட்டில் எழுதுவேன். அந்த நோட்டைத் திருத்துகிற வேலையை வீட்டுக்காரப் பேரன் தானாகவே எடுத்துக்கொண்டான். பெரியவர்கள் மரியாதைக்காக, "நன்றாகப் பேசுகிறீர்கள்" என்பார்கள், நம்பாதீர்கள். அவன் எனக்குப் பத்துக்கு மூன்று போட்டான். எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை மூன்று போட்டிருப்பேன்!

குடும்பமாகப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கணவர் மட்டும் மொழி வகுப்புக்குப் போக, மனைவி பிள்ளைகளோடு நான்கு சுவருக்குள் இருந்தால், அந்தக் குடும்பம் சீக்கிரமே பெட்டி கட்டிவிடும். இரண்டு பேருக்கும் வகுப்பு நேரம் ஒதுக்கிவிட்டு மற்றதைத் திட்டமிடுங்கள்.

ஆறாம் மாதமே ஊரிலிருந்து, "எத்தனை பேர் வந்தார்கள்?" என்று கேட்பார்கள். பதில் சொல்லக் கூச்சமாக இருந்தால் பழைய மிஷனரிகள் இரண்டு பேரின் கணக்கைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வில்லியம் கேரி இந்தியா வந்தது 1793. அங்கே முதல் இந்தியருக்கு அவர் ஞானஸ்நானம் கொடுத்தது 1800-இன் கடைசியில். அதோனிராம் ஜட்சன் பர்மாவில் இறங்கியது 1813. முதல் ஞானஸ்நானம் 1819. நடுவில் இருந்த வருடங்களில் அவர்கள் ஊருக்கு என்ன ஜெபக் கடிதம் எழுதினார்களோ!

மனம் விழுகிற காலம்

எனக்கு ஏழாம் மாதம் வந்தது. பஸ் தாமதமானால் அந்தத் தேசத்தையே திட்டினேன். யாராவது கதவைத் தட்டினால் வீட்டில் இல்லாததுபோல் மூச்சைப் பிடித்துக்கொண்டு கொசுவலைக்குள் உட்கார்ந்திருந்தேன். ஜெபம் பண்ண உட்கார்ந்தால் அழுகைதான் வந்தது. பாவம் ஏதோ இருக்கிறது, அழைப்பே பொய்யோ என்றெல்லாம் ஓடியது. கலாச்சார அதிர்ச்சி என்று இதற்கு ஒரு பெயர் உண்டு. காலெர்வோ ஓபெர்க் என்ற மானிடவியலாளர் 1950-களிலேயே இதைப் படிப்படியாக விவரித்திருக்கிறார்: முதலில் தேனிலவு மாதிரி எல்லாம் அழகு, பிறகு எல்லாம் எரிச்சல், பிறகு மெல்ல மெல்லத் தெளிவு. பெயர் தெரிந்ததும் பாதி பயம் போனது.

தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின் கீழே படுத்துச் சாகக் கேட்டபோது தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. அப்பமும் தண்ணீரும் வைத்தான், தூங்கவிட்டான், எழுப்பி இன்னொரு தடவை சாப்பிடச் சொன்னான். அதையே செய்யுங்கள். வாரத்தில் ஒரு நாள் யாரும் கூப்பிட முடியாதபடி ஓய்வு எடுங்கள். உங்கள் வேலையைப் பற்றி முடிவெடுக்கும் அதிகாரம் இல்லாத ஒருவரிடம் மாதம் ஒரு தடவை மனம்விட்டுப் பேசுங்கள். மேலதிகாரியிடம் எல்லாவற்றையும் சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டோம். தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டுப்போனால் டாக்டரிடம் போங்கள். அதில் விசுவாசக் குறைவு ஒன்றும் இல்லை.

கூட வேலை செய்கிறவர்களோடு சண்டை வரும். ஊர் ஜனங்களால் எனக்கு வந்த கண்ணீரைவிட என் குழுவால் வந்ததுதான் அதிகம். அதுவும் என்ன விஷயத்துக்கு? ஜெனரேட்டருக்கு யார் டீசல் ஊற்றுவது என்பதற்கு. பவுலும் பர்னபாவும் மாற்கைக் கூட்டிப்போவதா வேண்டாமா என்பதில் பிரிந்துபோனார்கள். அதே மாற்கைப் பின்னாளில் பவுல் வரச்சொல்லிக் கேட்கிறார். மனஸ்தாபத்தை ராத்திரியில் செய்தியாகத் தட்டி அனுப்பாமல், மறுநாள் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். இந்த விஷயத்தில் இதற்கு மேல் எனக்குத் தெரிந்த வித்தை இல்லை.

பணம் கையில் இருக்கும்போது

ஹென்றி வென், ரூஃபஸ் ஆண்டர்சன் என்று 19-ஆம் நூற்றாண்டில் இரண்டு மிஷன் செயலாளர்கள், ஒருவர் இங்கிலாந்தில், ஒருவர் அமெரிக்காவில். சபை தன்னைத் தானே நடத்த வேண்டும், தன் செலவைத் தானே பார்க்க வேண்டும், தானே பரவ வேண்டும் என்று சொன்னவர்கள். பயிற்சிக் காலத்தில் இதைப் பரீட்சையில் எழுதி நல்ல மார்க் வாங்கினேன். போன இடத்தில், நாங்கள் கூடுகிற வீட்டின் கூரை ஒழுகியது. மழை வரப்போகிறதே என்று ஒரே நாளில் என் பணத்தில் தகரம் போட்டுவிட்டேன். எல்லாரும் கைதட்டினார்கள். அதற்கப்புறம் இரண்டு வருடம், ஓர் ஆணி கழன்றால்கூட என்னிடம் வந்துதான் சொன்னார்கள். அது டீச்சருடைய கூரை ஆகிவிட்டது.

மூன்றாம் வருடம் பக்கவாட்டுச் சுவர் சரிந்தபோது வாயை மூடிக்கொண்டேன். மூன்று வாரம் பக்கத்து மரத்தடியில் கூடினோம். நான்காம் வாரம் அவர்களே உட்கார்ந்து பேசி, வீட்டுக்கு இவ்வளவு என்று பிரித்தார்கள். எனக்கும் ஒரு பங்கு போட்டார்கள். எல்லாரும் கொடுத்ததைத்தான் நானும் கொடுத்தேன். கை துறுதுறுத்தது உண்மை.

முதல் வருடம் யாருக்கும் தனியாகக் கடன், வேலை, படிப்புச் செலவு என்று வாக்குக் கொடுக்காதீர்கள். தேவை கண்ணில் பட்டால் அந்த ஊர் மூப்பரிடம், "நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். மருந்தோ அரிசியோ கொடுத்துவிட்டு ஆராதனைக்கு வா என்று சொல்லவே கூடாது. பெற்றோருக்குத் தெரியாமல் பிள்ளைகளுக்கு வேதாகமக் கதை சொல்வதும் வேண்டாம்.

கடிதம் எழுதும்போது

இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. என் மூன்றாவது ஜெபக் கடிதத்தில், "இருளில் இருக்கும் ஒரு குடும்பத்தோடு வசிக்கிறேன்" என்று எழுதினேன். யாரோ அதை இணையத்தில் போட, அது சுற்றிச் சுற்றி வெளியூரில் படிக்கும், என் வீட்டுக்கார அம்மாவின் மருமகன் கைக்குப் போய், அவன் மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுப் படித்துக் காட்டியிருக்கிறான். அந்த அம்மா கோபப்படவில்லை. என் அறை வாசலில் நின்று, மேலே எரிந்துகொண்டிருந்த பல்பைப் பார்த்துவிட்டு, "எங்கள் வீட்டில் விளக்கு இல்லையா?" என்று மட்டும் கேட்டார்.

அதற்கப்புறம் யாரைப் பற்றி எழுதினாலும், அவரே பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பதாக நினைத்துக்கொண்டுதான் எழுதினேன். போட்டோவுக்கு அனுமதி கேட்டேன். பெயரை மாற்றினேன். ஒன்றும் நடக்காத மாதம், "இந்த மாதம் எதிர்காலம் காட்டும் வினைச்சொற்கள் படித்தேன்" என்று எழுதி அனுப்பினேன். இரண்டு ஆதரவாளர்கள் பணம் அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். போகட்டும்.

1910-இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் தமிழரான வி. எஸ். அசரியா, மேற்கிலிருந்து வந்த மிஷனரிகளைப் பார்த்து, ஏழைகளுக்கு அள்ளிக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்ற பொருளில் பேசினார். நம் ஆள் என்று பெருமையாக எடுத்துச் சொல்வோம். கடல் தாண்டிப் போனதும் நாம் உட்காரும் நாற்காலி அசரியாவுடையது இல்லை, அவர் எதிரே உட்கார்ந்து கேட்டவர்களுடையது. வீட்டுக்கார அம்மா விளக்கைக் காட்டிய அன்றுதான் இது எனக்கு உறைத்தது.

கைமாற்றிவிடுவது

பவுல் கொரிந்துவில் இருந்தது ஒன்றரை வருடம். எபேசுவில் மூன்று வருடம். நான் எட்டாம் வருடம் வரை வேதபாட வகுப்பின் சாவியைக் கைப்பையிலேயே வைத்திருந்தேன். இன்னும் தயாராகவில்லை, இன்னும் தயாராகவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது அவர்களைப் பற்றியா என்னைப் பற்றியா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. நீங்கள் முதல் வகுப்பிலேயே கூட ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். முதலில் அவர் பார்க்கட்டும், பிறகு பாதியை நடத்தட்டும், பிறகு முழுவதையும் நடத்த நீங்கள் பின்வரிசையில் உட்காருங்கள். பின்வரிசையில் இருந்துகொண்டு முகத்தைச் சுளிக்கக்கூடாது. அது முன்னால் நிற்பவருக்கு நன்றாகவே தெரியும்.

சாவியை ஒன்பதாம் வருடம் ஒரு தையல்காரப் பெண்ணிடம் கொடுத்தேன். முதல் நாள் நான் 20 பேரில் ஒருத்தியாக நிறுத்திப் பேசியவள் அவள். பத்தாம் வருடம் ஒரு ஞாயிறு, வழக்கம்போல் ஒன்பது மணிக்குப் போனேன். கதவு பூட்டியிருந்தது. ஒரு மணி நேரம் படியில் உட்கார்ந்திருந்தேன். பத்து மணிக்கு எல்லாரும் சாவகாசமாக வந்தார்கள். போன வாரமே கூடிப் பேசி நேரத்தை மாற்றிவிட்டார்களாம். எனக்குச் சொல்ல மறந்துவிட்டார்கள். தையல்காரப் பெண் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, காலையிலிருந்து இங்கேயா? சாப்பிட்டீர்களா?" என்றாள். குறிலா நெடிலா என்று பார்த்துப் பதில் சொன்னேன்.