கொங்குப் பேய்க்கதைகளில் தாயும் விலங்கும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொங்கு நாட்டை வைத்துப் பேய்க்கதையோ சாமிக்கதையோ எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு தாயையும் அவள் பக்கத்தில் ஒரு விலங்கையும் நிறுத்துகிறார்கள். நல்ல தொடக்கம். தாய் என்றால் கருணை, நாய் என்றால் நன்றி, பசு என்றால் சாந்தம் என்று பொருளை முன்னாடியே ஒட்டிவிடும்போதுதான் கதை படுத்துவிடுகிறது. இந்த மண்ணில் அவர்களுக்குப் பொருளைக் கொடுப்பது முறை, அதாவது அவர்களுக்குச் செய்ய வேண்டிய கடமை. தாய்க்கு என்ன செய்ய வேண்டும், விலங்குக்கு என்ன செய்ய வேண்டும், யார் செய்யாமல் விட்டார்கள் என்ற கணக்கிலிருந்து கதை கிளம்ப வேண்டும்.

கொங்கு நாட்டில் பாடப்படும் அண்ணமார் கதையைப் பாருங்கள். அண்ணன் தம்பிகளான பொன்னர், சங்கர் இருவரும் கொம்பன் என்ற காட்டுப்பன்றியை வேட்டையாடப் போகிறார்கள். பொன்னாச்சி என்ற சின்னப் பெட்டை நாயை மட்டும் விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். வேட்டை கைகூடவில்லை. பிறகு அதை மரியாதையோடு அழைத்துவர வேண்டியிருக்கிறது. அது கொம்பனின் விதைப்பையைக் கவ்விய பிறகே பன்றி வீழ்கிறது. பாடுகிறவருக்குப் பாடுகிறவர் விவரம் மாறும், ஆனால் நாயின் கோபம் அதன் உரிமை என்பதை யாரும் மறுப்பதில்லை. இதைப் படித்துவிட்டு ‘விசுவாசமான நாய்’ என்று ஒரு பாத்திரம் எழுதினால், கதையின் உயிர்நாடியையே அறுத்துவிட்டோம் என்று பொருள்.

அதே கதையில் இன்னொரு முடிச்சும் உண்டு. மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1965இல் காங்கேயம் பக்கம் பதிவு செய்த வடிவத்தில், முன்னோர் ஒருவர் போட்ட வேலியில் பாய்ந்து பசுக்கள் சாகின்றன. அந்தப் பாவம் குடும்பத்தின் மேல் மலட்டுச் சாபமாக இறங்குகிறது. பொன்னர், சங்கரின் தாய் தாமரை தவம் கிடப்பது அந்தக் கடனைத் தீர்க்கத்தான். மாட்டின் சாவும் தாயின் வெறும் மடியும் ஒரே கணக்கில் இருக்கின்றன. தாயை ஓர் அத்தியாயத்திலும் விலங்கை இன்னோர் அத்தியாயத்திலும் தனித்தனியாக வைப்பவர்கள் இந்த முடிச்சை இழக்கிறார்கள்.

அடுத்த தவறு, ஊர் மாற்றிச் சாமி வைப்பது. இசக்கியம்மன் நெல்லை, குமரிப் பக்கத்துக்காரி. அவளைத் தூக்கிவந்து தாராபுரத்துக் கிணற்றடியில் உட்காரவைத்தால் உள்ளூர் வாசகர் அந்த இடத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவார். கிணற்றடிக்கும் வாய்க்கால் கரைக்கும் கன்னிமார் இருக்கிறார்கள்: மரத்தடியில் வரிசையாக ஏழு கல். இவர்களை, ஏழு தாய்த்தெய்வங்களான சப்தமாதரோடு குழப்ப வேண்டாம். பிராமி, வராகி என்று தனிப் பெயரும் வாகனமும் உள்ள சப்தமாதர் வேறு. கன்னிமார் மணமாகாத பெண்கள். அவர்கள் மடியில் குழந்தையைக் கொடுத்து எழுதுவது பிழை. பிள்ளை வேண்டி ஒருத்தி கன்னிமாரிடம் நிற்கும் காட்சிக்கு வலி வருவதே, கேட்கப்படுபவர்கள் தாயாகாதவர்கள் என்பதால்தான்.

இன்னொன்று, ‘காடு’ என்ற சொல். ‘காட்டுக்குப் போறேன்’ என்றால் இங்கே மானாவாரி நிலத்துக்கு என்று அர்த்தம். வனம் என்று நினைத்துப் புலியை விட்டுவிடாதீர்கள்.

மாரியம்மன் கதைகளில் காலப்பிழை அதிகம். பெரியம்மை இந்தியாவில் கடைசியாக 1975இல் வந்தது. உலகிலிருந்தே ஒழிந்ததாக 1980இல் அறிவித்தார்கள். 1990இல் நடக்கும் கதையில் ஊரே பெரியம்மையில் சாவதாக எழுத முடியாது, சின்னம்மைதான் சரி. ‘அம்மா வந்திருக்கா’ என்று நோயையும் தாயையும் ஒரே வாயால் சொல்வார்கள். கொப்புளத்துக்குப் பெயர் முத்து. அம்மை இறங்கும்வரை வீட்டில் தாளிப்புச் சத்தம் இருக்காது, வாசலில் வேப்பிலை. பயமுறுத்த இதுவே போதும். எண்ணெய் காயும் வாசனை ஓர் இரவில் எங்கிருந்தோ வந்தால், அடுத்த பக்கத்தை வாசகர் தானே புரட்டுவார்.

விலங்கில் செய்யும் பெரிய தவறு, அதைப் பார்த்திராமலே எழுதுவது. காங்கேயம் பசு வெள்ளைக் கன்று ஈன்றதாகப் போகிறபோக்கில் எழுதுகிறார்கள். காங்கேயம் கன்று செவலையாகத்தான் பிறக்கும். ஆறு மாத வாக்கில் நிறம் மாறிச் சாம்பலாகும். பிறந்தபோதே வெளுத்த கன்று என்றால் அதுவே பெரிய சகுனம், ஊர் கூடிப் பேச வேண்டும். மேய்ச்சல் கொறங்காடு என்கிற வேலியிட்ட புல்வெளியில், சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே வெள்வேல மரமும் கொழுக்கட்டைப் புல்லும். கறுப்புப் பூனையை மந்திரக்காரியின் தோழியாக்குவது மேற்கிலிருந்து வந்த பழக்கம். இங்கே பூனை குறுக்கே போனால் சகுனத் தடை, அவ்வளவுதான்.

ஒரு கதைக்கு ஒரு விலங்கு போதும், மூன்று முறை வரட்டும். முதல் முறை அன்றாட வேலையில்: விடியுமுன் கட்டுத்தரையில் கன்றை அவிழ்த்துவிட, பசு சுரக்கிறது. இரண்டாம் முறை அந்த வேலையை மறுக்கட்டும்: கன்று முட்டியும் பால் இறங்கவில்லை. மூன்றாம் முறை, செய்யாமல் விட்டதற்கு விலை கேட்கட்டும். முதல் காட்சியை வெட்டிவிட்டால் இரண்டாவதில் எந்த நடுக்கமும் வராது. சத்தியமங்கலம் பக்கத்துப் பண்ணாரியில் பசு தானாகப் பால் சொரிந்த இடத்தில்தான் அம்மன் இருப்பது தெரிந்தது என்பார்கள். விலங்கு முதலில் அறியும், மேய்ப்பவன் அடுத்து, ஊர் கடைசியில். உங்கள் கதையிலும் இந்த வரிசை புரளக் கூடாது.

அருள் வரும் காட்சியில் உரையாடல்தான் சறுக்குமிடம். நேற்றுவரை மருமகளை ‘வாடி, போடி’ என்ற மாமியார், அவள்மேல் அருள் வந்ததும் ‘சொல்லு தாயி, என்ன குத்தம் பண்ணிப்போட்டோம்?’ என்று கும்பிடுவாள். சாமி மலையேறியதும் மருமகள் தண்ணீர் கேட்பாள். அப்போது மாமியார் சொம்பை நீட்டியபடி மறுபடி ‘இந்தாடி’ என்பாளா, ஒரு கணம் தயங்குவாளா? எழுத வேண்டியது அந்தத் தயக்கத்தை. அம்மனை நீண்ட செந்தமிழில் பேசவைப்பது அதைக் கெடுக்கும். இரண்டு வரி போதும், அதிலும் ஒன்று கேள்வியாக இருக்கட்டும். ‘சாமி’ என்ற சொல்லும் இங்கே இருமுனை உள்ளது. பிள்ளையைத் தூக்கி ‘ஏஞ்சாமி’ என்று கொஞ்சுகிற அதே வாய்தான் கோயிலில் நின்று ‘சாமி’ என்று அலறும்.

ஆனைமலை மாசாணியம்மன் படுத்த கோலத்தில் இருக்கிறாள். அநியாயம் நடந்தவர்கள் மிளகாய் அரைத்து, கோயிலில் உள்ள நீதிக்கல்லில் பூசுகிறார்கள். எழுதுபவர்கள் இந்த எரிச்சலோடு நிறுத்திவிட்டு, எதிரி துடிப்பதைக் காட்டி முடிக்கிறார்கள். ஆனால் அரைத்த கையும் எரியும். நினைத்தது நடந்த பின் திரும்ப வந்து எண்ணெய்க்காப்புச் செய்து குளிர்விக்க வேண்டும். பூசிவிட்டுப் போய், குளிர்விக்க வராமலே இருந்துவிட்ட ஒருத்தியிடமிருந்து கதையைத் தொடங்குங்கள்.