போர்வெல் ஆழத் தரவு பாராவியூவில் சரியாகத் தெரியவில்லையா?

திருச்செங்கோடு, ஈரோடு, நாமக்கல் பக்கம் நிலத்தடி நீர் பற்றி ஆய்வு செய்யும் மாணவர்கள் என்னிடம் கொண்டுவரும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: "கோப்பு ஏறுது, படம் வரலைங்க." பாராவியூ என்பது தரவை முப்பரிமாணப் படமாகக் காட்டும் மென்பொருள். அதை அழித்துவிட்டு மறுபடி நிறுவ வேண்டாம். பத்துக்கு ஒன்பது தடவை கோளாறு அட்டவணையில்தான் இருக்கும்.

சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த அட்டவணைக் கோப்பு) திறந்ததும் 'அப்ளை' அழுத்துங்கள். அழுத்தாத வரை எதுவும் ஏறாது. அழுத்தினாலும் வெறும் அட்டவணைதான் வரும். பாராவியூவுக்கு அவை இன்னும் இடங்கள் அல்ல, எண்கள் மட்டுமே. 'டேபிள் டு பாயின்ட்ஸ்' வடிகட்டியைப் போட்டு எக்ஸ், ஒய், இசட் மூன்றுக்கும் உரிய நெடுவரிசையைத் தேர்ந்தெடுங்கள். மூன்றிலும் ஒரே நெடுவரிசை இருந்துவிட்டால் புள்ளிகளெல்லாம் ஒரே சாய்கோட்டில் வரிசைகட்டி நிற்கும். அப்புறம் முப்பரிமாணக் காட்சிச் சாளரத்தை ஒருமுறை சொடுக்கிவிட்டு, இடப்பக்கப் பட்டியலில் அந்த வடிகட்டியின் பெயருக்கு அருகே உள்ள கண் அடையாளத்தை அழுத்துங்கள். அட்டவணைச் சாளரம் தேர்வில் இருக்கும்போது கண்ணை அழுத்துவதால்தான் பலருக்குப் படம் வருவதில்லை. இன்னும் தெரியவில்லையா? 'ரீசெட் கேமரா' கொடுங்கள், புள்ளி அளவைப் பத்துக்கு ஏற்றிப் பாருங்கள்.

ஆழ நெடுவரிசை தேர்வுப் பட்டியலிலேயே இல்லை என்றால், அதற்குள் எங்கோ எழுத்து புகுந்திருக்கிறது. போர் வண்டிக்காரர் சொன்னதை அப்படியே "850 அடி" என்று தட்டியிருப்பார்கள், அல்லது தண்ணீர் வராத இடத்தில் ஒரு கோடு போட்டிருப்பார்கள். அப்படி ஒரு கட்டம் இருந்தாலே போதும், முழு நெடுவரிசையும் எழுத்தாகிவிடும். கட்டத்தில் எண் மட்டும் இருக்கட்டும். 1,150 என்பதையும் காற்புள்ளி இல்லாமல் 1150 என்றே எழுதுங்கள்.

அடுத்தது அளவுகோல். தீர்க்கரேகை 77.72, அட்சரேகை 11.34, ஆழம் 850 என்று மூன்றையும் அப்படியே கொடுத்தால், கிடைமட்டத்தில் ஒரு டிகிரிகூட இல்லாத படம் நெட்டுக்குத்தாக நூற்றுக்கணக்கில் நீளும். ஊசி மாதிரி ஒரு கோடுதான் மிஞ்சும். ஒரு டிகிரி அட்சரேகை என்பது சுமார் 111 கிலோமீட்டர். ஆகவே இடங்களை யூடிஎம் (பூமியை மண்டலங்களாகப் பிரித்து இடத்தை மீட்டரில் குறிக்கும் முறை) மீட்டருக்கு மாற்றுங்கள், அடியை 0.3048 ஆல் பெருக்குங்கள், ஆழத்துக்கு முன் கழித்தல் குறி போடுங்கள். குறி இல்லாவிட்டால் கிணறுகள் கோபுரமாக மேலே எழும்பும். மீட்டருக்கு மாற்றியபின் படம் தட்டையாகத் தெரியும், அது இயல்பு. காட்சிப் பண்புகளில் 'ஸ்கேல்' மூன்றாவது கட்டத்தில் 20 கொடுங்கள். எத்தனை மடங்கு என்பதை ஆய்வேட்டில் எழுத மறக்காதீர்கள்.

நம் பகுதிக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. இதை யாரும் சொல்லித் தருவதில்லை என்பது எனக்கு வருத்தம். 78 டிகிரி தீர்க்கரேகை கொங்கு நாட்டுக்குள்ளேயே போகிறது. அதற்கு மேற்கே கோவை, திருப்பூர், ஈரோடு யூடிஎம் 43 ஆம் மண்டலம். கிழக்கே கரூர், நாமக்கல், சேலம் 44. ஈரோட்டுக் கிணற்றின் எக்ஸ் மதிப்பு 8 லட்சத்தை ஒட்டி வரும், நாமக்கல் கிணற்றுக்கு 2 லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே வரும். இரண்டையும் ஒரே கோப்பில் கலந்தால், ஐம்பது கிலோமீட்டர் கிழக்கே இருக்க வேண்டிய நாமக்கல் அறுநூறு கிலோமீட்டர் மேற்கே, லட்சத்தீவுப் பக்கம் கடலில் போய் விழும். திரையில் இரண்டு சின்னக் கொத்துகள், நடுவே பெரிய வெற்றிடம் என்று தெரிந்தால் இதுதான் காரணம். எல்லாக் கிணறுகளையும் ஒரே மண்டலத்துக்கு மாற்றிவிடுங்கள். எல்லைக்கு அருகில் சிறு பிழைதான் வரும். இந்த வேலைக்கு அது பொருட்டில்லை.

எல்லாம் ஒரே நிறமாக இருந்தால் 'இன்ஃபர்மேஷன்' பலகையில் ஆழத்தின் வீச்சைப் பாருங்கள். -9999 என்று ஆரம்பித்தால், அளக்காத கிணறுகளுக்கு இட்ட அடையாள எண் நிற வரம்பை இழுத்துவிட்டது என்று அர்த்தம். அந்த வரிகளை நீக்குங்கள், அல்லது வரம்பை நீங்களே தட்டிக் கொடுங்கள்.

கடைசியாக, வழிகாட்டிக்கு அனுப்பும்போது ஸ்டேட் கோப்பை (பாராவியூவில் நீங்கள் செய்த அமைப்புகளைச் சேமிக்கும் கோப்பு) மட்டும் அனுப்பாதீர்கள். அதில் தரவு இருக்காது, உங்கள் கணினியில் கோப்பு இருக்கும் பாதைதான் இருக்கும். சிஎஸ்வியையும் சேர்த்து அனுப்பி, திறக்கும்போது கோப்பின் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள்.