கண்ணை மூடு, காதைத் திற!

ஒலிச்சொற்களைப் படப்புத்தகத்தில் காட்டுவதைவிட, நேரடியாகக் காதில் விழவைப்பது நல்லது. சமையல் நேரம் இதற்குத் தோதானது. குழந்தையை அடுப்பிலிருந்து தள்ளி உட்காரவைத்து, கண்ணை மூடச் சொல்லுங்கள். சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் 'சுர்ர்', கடுகு 'படபட', குக்கர் 'உஸ்ஸ்'. எப்படிக் கேட்டது என்று முதலில் குழந்தையே சொல்லட்டும். 'ப்ஷ்ஷ்' என்றாலும் சரி, திருத்தாதீர்கள். அந்தச் சொந்தச் சொல் அவ்வளவு அழகு! அப்புறம் நம் சொல்லைச் சொல்லுங்கள்.

கொஞ்சம் பெரிய பிள்ளை என்றால், 'சலசல'வைப் பிரித்துப் பார்க்கச் சொல்லலாம். தனியாக நிற்கும் 'சல'வுக்குப் பொருள் இல்லை. அதனால் 'சலசல' இரட்டைக்கிளவி. 'வா வா'வில் ஒரு 'வா'வே பொருள் தரும், அது அடுக்குத்தொடர்.

மழை வந்தால் விடாதீர்கள்: தகரக் கூரையில் 'தடதட', வாளியில் 'சொட்டு சொட்டு'.