‘என் பேரைச் சொல்லுங்க’: தொழில் தொடர்பு தேடிக் கிளம்புகிறவர்கள் செய்யும் தவறுகள்

சென்னையில் நமக்கு ஒரு சரக்கு வேண்டும் என்றால் கடையைத் தேடுவதற்கு முன்னால் ஓர் ஆளைத்தான் தேடுவோம். “பாரிஸ் கார்னர்ல நமக்குத் தெரிஞ்ச கடை இருக்கு, என் பேரைச் சொல்லுங்க, பார்த்துப் போட்டுக் கொடுப்பார்” என்பார் அவர். இன்றைக்கு பிசினஸ் நெட்வொர்க்கிங் என்ற பெயரில் ஓட்டல் ஹாலில் காலை டிபனோடு நடப்பதும் இதேதான். ஒருவர் நமக்காகத் தன் பெயரை இன்னொருவரிடம் அடகு வைக்கிறார். புதிதாகக் கிளம்புகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. எதிரில் நிற்கிறவர் தலையிலேயே சரக்கைக் கட்டப் பார்க்கிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

அம்பத்தூரில் எனக்குச் சின்னதாக ஓர் அட்டைப்பெட்டி யூனிட். முதல் கூட்டத்துக்குப் போனபோது சட்டைப் பையில் 100 விசிட்டிங் கார்டு வைத்திருந்தேன். இட்லி ஆறுவதற்குள் 60 கார்டைக் கொடுத்து முடித்தாயிற்று. அந்த வாரம் வந்தது இரண்டே போன். ஒன்று இன்சூரன்ஸ், இன்னொன்று கிரெடிட் கார்டு.

அன்றைக்குப் பக்கத்து நாற்காலிக்காரர் அக்கறையாகத்தான் கேட்டார், “என்ன மாதிரி பெட்டி சார் போடுறீங்க?” என்று. “எல்லாப் பெட்டியும் போடுவோம் சார்” என்றேன். அதைவிட உதவாத பதில் கிடையாது. அதைக் கேட்டவர் மனதில் ஒரு முகமும் வராது, ஒரு கடையும் வராது. இப்போது வேறு மாதிரி சொல்கிறேன்: “வீட்டிலிருந்து ஊறுகாய், கேக், முறுக்கு போட்டு விற்கிறவங்களுக்கு 200 பெட்டின்னாலும் பெயர் அச்சடிச்சுப் போட்டுத் தருவேன் சார்.” இதைக் கேட்டதும் அவருக்குக் கேக் செய்து விற்கும் அண்ணி ஞாபகம் வந்துவிடும். அட்டை மூன்று அடுக்கா (பிளை) ஐந்து அடுக்கா, தாளின் கனம் எத்தனை ஜிஎஸ்எம் என்பதையெல்லாம் அண்ணியிடம் பேசிக்கொள்ளலாம். மற்ற பெட்டிகளையும் நான் செய்கிறேன்தான். ஆனால் அதை முதல் நாளே சொல்வதில்லை.

கார்டு கொடுப்பதைவிட வாங்கி வந்த கார்டை என்ன செய்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பலர் மேஜை இழுப்பறையில் ரப்பர் பேண்ட் போட்டு வைத்துவிடுவார்கள். மூன்று மாதம் கழித்து எடுத்துப் பார்த்தால் யார் எவர் என்றே தெரியாது. நான் அன்று சாயங்காலமே கார்டின் பின்பக்கம் பேனாவால் எழுதிவிடுவேன்: ‘போரூர். மசாலா பாக்கிங். பொங்கலுக்கு அப்புறம் இடம் மாற்றுகிறார்.’ பளபளவென்று லாமினேட் செய்த கார்டில் பேனா எழுதாது. அதனால் என் கார்டைப் பின்பக்கம் வெறும் தாளாகவே அடிக்கச் சொல்லிவிட்டேன், வாங்குகிறவராவது எழுதட்டும் என்று. மறுநாள் ஒரு வாட்ஸ்அப் போதும்: “நேத்து சந்திச்சதில் மகிழ்ச்சி சார். இடம் மாத்தும்போது ஷிப்டிங்குக்குப் பெட்டி வேணும்னா சொல்லுங்க.” இதோடு 14 பக்க பிடிஎப் கேட்லாக்கையும் சேர்த்து அனுப்புவது பெரிய தப்பு. அவர் திறக்கவும் மாட்டார், அடுத்த முறை நம் பெயரைப் பார்த்தாலே ஒதுங்குவார்.

எங்கே சேருவது என்பதில் அவசரப்படுகிறவர்களும் உண்டு. பிஎன்ஐ என்பது தொழில் செய்கிறவர்கள் ஒருவருக்கொருவர் வாடிக்கையாளர்களைச் சொல்லிவிடும் அமைப்பு, 1985இல் ஐவன் மைஸ்னர் என்பவர் அமெரிக்காவில் தொடங்கியது. ஒரு கிளைக் குழுவில் ஒரு தொழிலுக்கு ஒருவர்தான், வாராவாரம் கூட்டம், ஆண்டுச் சந்தா உண்டு. அந்த ஒழுங்கு சிலருக்கு நன்றாகவே ஒத்துவரும். ஆனால் காலை 7 மணிக்குக் கடையைத் திறந்தாக வேண்டிய பால் வியாபாரிக்கு எப்படி ஒத்துவரும்? சந்தா கட்டுவதற்கு முன்னால் விருந்தாளியாகப் போய் உட்கார்ந்து பாருங்கள். அந்த அறையில் இருப்பவர்களின் வாடிக்கையாளர்களும் உங்கள் வாடிக்கையாளர்களும் ஒரே வகை ஆட்கள்தானா என்று பார்த்தால் போதும். அப்படி இல்லையென்றால் எத்தனை வாரம் போனாலும் டிபன் செலவுதான்.

நம் ஊருக்கு இது புதிதும் இல்லை. ஐரோப்பிய வணிகர்கள் மெட்ராஸ் சேம்பர் என்ற வர்த்தக சபையை 1836லேயே தொடங்கிவிட்டார்கள். 1909இல் இந்திய வணிகர்கள் தங்களுக்கென்று தென்னிந்திய வர்த்தக சபையை அமைத்தார்கள். அதைத் தொடங்கியவர்களில் பிட்டி தியாகராயரும் ஒருவர், நம் தி.நகரின் பெயருக்குச் சொந்தக்காரர். அவ்வளவு பெரிய இடம் வேண்டாம் என்றால் பேட்டைக்குப் பேட்டை சங்கம் இருக்கிறது. அம்பத்தூர் தொழிற்பேட்டை உற்பத்தியாளர் சங்கம் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் அக்மீ இயந்திரக் கண்காட்சியே நடத்துகிறது. இந்த மாதிரிக் கண்காட்சிக்குப் போகிறவர்கள் கூட்டம் அலைமோதும் நேரமாகப் பார்த்துப் போய், ஸ்டால் ஸ்டாலாகத் துண்டுப் பிரசுரம் பொறுக்கிக்கொண்டு திரும்புவார்கள். காலையில் கதவு திறந்த உடனே போனால் முதலாளியே நின்று பேசுவார்.

இன்னொரு தவறு, கோட்டு போட்டவர்களிடம் மட்டும் பேசுவது. எனக்கு அதிகமாக ஆர்டர் சொல்லிவிட்டவர் ஒரு மெஷின் மெக்கானிக். யாரிடம் எந்த மெஷின் ஓடுகிறது, எது பழுதாகிக் கிடக்கிறது, யாருக்கு அவசர ஜாப் கையில் நிற்கிறது என்பதெல்லாம் பேட்டையிலேயே அவருக்குத்தான் முதலில் தெரியும். அடுத்தது லாரி புக்கிங் ஆபீஸ்காரர், அப்புறம் ஜிஎஸ்டி பார்க்கும் ஆடிட்டர். அதே மாதிரி, நம் தொழிலையே செய்கிறவரைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்வதும் நஷ்டம்தான். பக்கத்துத் தெரு பெட்டிக்காரர் மெஷின் நின்ற அன்று அவருடைய ஜாப் எனக்கு வந்தது. என் மெஷின் நின்ற அன்று என் ஜாப் அவருக்குப் போனது.

வாட்ஸ்அப் குழுவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. காலை வணக்கமும் தள்ளுபடி போஸ்டரும் போட்டால் மியூட் செய்துவிடுவார்கள். “கிண்டி பக்கம் பவுடர் கோட்டிங் யாராவது இருக்காங்களா?” என்று ஒருவர் கேட்டால், ஐந்து நிமிடத்தில் நம்பர் கொடுக்கிறவரை மறக்கமாட்டார்கள்.

தெரிந்தவர் மூலம் வந்தவர் என்பதால் கொட்டேஷனும் அட்வான்ஸும் கேட்கக் கூச்சப்படுவது நம்மவர்களின் வியாதி. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனச் சட்டப்படி, ‘உதயம்’ என்ற அரசுப் பதிவு உள்ள குறு, சிறு நிறுவனத்திடம் சரக்கோ சேவையோ வாங்கியவர் எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கில், மாதாமாதம் கூட்டு வட்டி. பதிவுக்குக் காசு கிடையாது, அரசு தளத்தில் நாமே செய்துகொள்ளலாம். வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு மட்டும் இந்தப் பாதுகாப்பு இல்லை. சரி, சட்டம் இருக்கிறது. ஆனால் தெரிந்தவர் சொல்லி வந்தவர்மேல் எவரும் புகார் எழுதப் போவதில்லை. அதனால் பணம் தர வேண்டிய தேதியை முதல் பில்லிலேயே அச்சடித்துவிடுவது நல்லது.

இவை எல்லாவற்றையும்விட என்னை அதிகம் சுட்டது வேறொன்று. வயதில் மூத்த அண்ணன் ஒருவர் ஒரு ஸ்வீட் கடைக்காரரிடம் என்னைப் பற்றிச் சொல்லியிருந்தார். தீபாவளிக்கு 4,000 பெட்டி. ஏற்கெனவே கை நிறைய ஜாப். இருந்தும் முடியாது என்று சொல்ல மனம் வரவில்லை. பெரிய இடம், அண்ணன் சொன்ன இடம், எப்படியும் முடித்துவிடலாம் என்று வாங்கிப் போட்டுக்கொண்டேன். நடுவில் மழை பிடித்துக்கொண்டது. ஒட்டிய அட்டை காயவே இல்லை. நான்கு நாள் தாமதம். கடைக்காரர் என்னிடம் கத்தவில்லை. நேராக அண்ணனுக்குப் போன் போட்டிருக்கிறார். அண்ணன் யூனிட்டுக்கே வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். டீ வேண்டாம் என்றார். “சரக்கு லேட்டானது பெரிசில்ல தம்பி. லேட்டாகும்னு மூணாம் நாளே எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அவர்கிட்ட பேசியிருப்பேன்ல? என் பேரைச் சொல்லித்தானே உள்ள போன?” என்றார். எனக்கு வாயைத் திறக்க முடியவில்லை.

அதிலிருந்து, யாராவது சொல்லி ஆர்டர் வந்தால் மூன்று போன் கண்டிப்பாக உண்டு. கடைக்காரரைப் பார்த்த அன்று ஒன்று, சரக்கு இறங்கிய அன்று ஒன்று, பணம் வந்த அன்று ஒன்று. மூன்றும் சொல்லிவிட்டவருக்கு. கை நிறைய வேலை இருக்கும்போது ஆர்டரைப் பக்கத்துத் தெருக்காரரிடம் அனுப்பிவிடுகிறேன், அதையும் சொல்லிவிட்டே.

அண்ணன் மறுபடி ஓர் ஆர்டர் சொல்வதற்கு ஒன்றரை வருஷம் ஆயிற்று. நல்லா இருக்கியா என்றுகூடக் கேட்கவில்லை. “இப்ப மெஷின்ல எவ்ளோ லோடு இருக்கு?” என்றுதான் ஆரம்பித்தார்.