சாவி என் பையில், சாவு கீழ் லயத்தில்

ஹட்டன் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மரண உதவிச் சங்கத்துக்கு ஆறு வருசமாக நான்தான் தலைவர். கதிரை, கூடாரம், காசு, கணக்கு எல்லாம் என் கையில். அது பெருமை என்று நினைத்திருந்தேன்.

போன ஜூலையில் அம்மாவைக் காட்ட கண்டிக்குப் போன அன்று கீழ் லயத்தில், அதாவது கீழே உள்ள தொழிலாளர் வரிசை வீடுகளில், ஒரு சாவு. மழை விடாமல் ஊற்றுகிறது, கூடார அறைச் சாவி என் சட்டைப் பையில். இரவு நான் வந்து சேரும்வரை சனம் இஸ்தோப்பில், வீட்டு முன் திண்ணையில், நெருக்கியடித்து நின்றது. யாரும் என்னை ஏசவில்லை, அதுதான் வலித்தது.

அடுத்த வாரமே வேலைகளைப் பிரித்துக் கொடுத்தேன். சரிவரவில்லை. ஒவ்வொன்றுக்கும் "அண்ணே, என்ன செய்ய?" என்று போன் வரும், நானும் பதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். பிழை என்னுடையது: வேலையைக் கொடுத்தேனே தவிர, முடிவெடுக்கும் உரிமையைக் கொடுக்கவில்லை.

அப்புறம் மூன்று சாவி வெட்டினோம், லயத்துக்கு ஒன்று. 10,000 ரூபாய் வரை யாரையும் கேட்காமல் செலவழிக்கலாம், கணக்கு மட்டும் மறுநாள் வரவேண்டும். கூட்டத்தையும் பறித்த கொழுந்தை எடை போட்டு முடிந்த பிறகு வைத்தோம். முன்பு பெண்கள் கொழுந்தெடுக்கும் நேரமான மூன்று மணிக்கு வைத்துவிட்டு, அவர்கள் வருவதில்லை என்று குறைப்பட்டவனும் நானே!

இப்போது கணக்கு எழுதுவது கொழுந்தெடுக்கும் ஒரு அக்கா. போன மாதம் என் செலவில் 350 ரூபாய்க்குப் பில் துண்டு இல்லை என்று சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருந்தார். தேடிக்கொண்டிருக்கிறேன்.