காஸ்ட்கோ கார்டு எடுக்கட்டுமா என்று மகள் கேட்டாள்

சில மாதங்களுக்கு முன் நியூ ஜெர்சியிலிருந்து என் மகள் தொலைபேசியில் கேட்டாள்: "அம்மா, இங்கே தெரிந்தவர்கள் எல்லோரிடமும் காஸ்ட்கோ கார்டு இருக்கிறது. வருடத்துக்கு 65 டாலர். எடுக்கட்டுமா?"

காஸ்ட்கோ ஓர் அமெரிக்க மொத்தக் கடை; வருடக் கட்டணம் கட்டிக் கார்டு எடுத்தவர்கள்தான் அங்கே வாங்கலாம். அந்தக் கடைக்குள் நான் கால் வைத்ததில்லை. ஆப்பிரிக்காவில் அதற்குக் கிளை கிடையாது. நான் கல்யாணமாகி வந்தது தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதிக்கு. 29 வருடமாக இங்கேதான் அடுப்படி. ஆனால் மூட்டையாக வாங்குவதா, பாக்கெட்டாக வாங்குவதா என்ற கேள்வி எனக்குப் பழகிய கேள்வி. அதில் பணம் மிச்சப்படுத்தியும் இருக்கிறேன், இழந்தும் இருக்கிறேன். அவளுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன். கார்டுக்குக் கட்டணம் வாங்கும் கடையானாலும் இலவசமாகக் கொடுக்கும் கடையானாலும் கணக்கு ஒன்றுதான். எங்கள் ஊரில் ஸ்பிரிங்ஃபீல்டில் இருக்கும் மேக்ரோ என்ற மொத்தக் கடையில் கார்டுக்குக் காசு இல்லை. அதனால் அங்கே போனால் லாபம்தான் என்று பலர் நினைக்கிறார்கள். கட்டணம் இல்லாவிட்டாலும் செலவு இருக்கிறது.

முதல் வேலையைக் கடைக்குப் போகாமலே செய்யலாம். ஒரு நோட்டை எடுத்து, இரண்டு மாதத்துக்கு உங்கள் வீட்டில் எந்தப் பொருள் எவ்வளவு தீர்கிறது என்று எழுதுங்கள். வாங்குவதை எழுத வேண்டாம், தீர்வதை எழுதுங்கள். அரிசி டப்பாவில் ஒரு தேதி ஒட்டுங்கள், எண்ணெய்ப் புட்டியில் ஒரு தேதி ஒட்டுங்கள். டப்பா காலியாகும் நாளில் நோட்டில் குறியுங்கள். என் பிள்ளைகள் ஆயா என்று கூப்பிடும் என் மாமியார் இதைப் பாலித்தீன் பையில் வைத்த பழைய காலண்டர் தாளில் செய்தார். எழுதப் படிக்க அவருக்கு அதிகம் வராது. அரிசிக்கு ஒரு கோடு, பருப்புக்கு ஒரு வட்டம். எட்டுப் பேர் சாப்பிட்ட வீட்டை அந்தத் தாளை வைத்துத்தான் நடத்தினார்.

இரண்டு மாதம் எழுதிய பிறகு நோட்டைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். நாம் "நிறையச் செலவாகிறது" என்று நினைக்கும் பொருள் ஒன்று, உண்மையில் தீர்வது வேறொன்று. எங்கள் வீட்டில் இப்போது நான்கு பேர். மாதத்துக்கு அரிசி 10 கிலோ, எண்ணெய் 4 லிட்டர், சுகர் பீன்ஸ் என்னும் உலர்ந்த பீன்ஸ் விதை ஒன்றரைக் கிலோ. மைதா இரண்டு கிலோகூட ஆவதில்லை. நான் மாதம் ஐந்து கிலோ ஆகும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அடுத்தது விலை. இங்கேதான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள். பெரிய பாக்கெட் என்றால் மலிவு என்று கை தானாகப் போய்விடுகிறது. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு கிலோவுக்கு, ஒரு லிட்டருக்கு என்ன விலை விழுகிறது என்று வகுத்துப் பாருங்கள். என் நோட்டில் உள்ள ஒரு பக்கத்தை அப்படியே தருகிறேன். 2 கிலோ அரிசி 46 ராண்ட் (எங்கள் நாட்டுப் பணம்), கிலோ 23. அதே அரிசி 10 கிலோப் பை 190, கிலோ 19. கிலோவுக்கு 4 ராண்ட் மிச்சம், மாதம் 40, வருடம் 480. இது நல்ல பேரம். எண்ணெய் 2 லிட்டர் 70 ராண்ட், லிட்டர் 35. ஐந்து லிட்டர் கேன் 160, லிட்டர் 32. மாதம் 12 ராண்ட்தான் மிச்சம். அதற்கு அடுத்த வரியைப் பாருங்கள்: மாதக் கடைசியில் எங்கள் தெருமுனைச் சூப்பர்மார்க்கெட் அதே 2 லிட்டரை ஸ்பெஷல் போட்டு 60 ராண்டுக்குக் கொடுத்தது. லிட்டர் 30. சின்னப் புட்டி பெரிய கேனை வென்றுவிட்டது. அன்று மூன்று புட்டி வாங்கிவந்தேன்.

அதனால் மொத்தக் கடை விலையைப் பக்கத்துக் கடையின் அன்றாட விலையோடு மட்டும் ஒப்பிடாதீர்கள். ஸ்பெஷல் விலையோடும் ஒப்பிடுங்கள். ஸ்பெஷலுக்காகக் காத்திருக்க உங்களால் முடியும் என்றால் அதுதான் உங்கள் உண்மையான விலை.

விலைச் சீட்டில் இன்னொரு பொறி உண்டு. மொத்தக் கடைகளில் வாட் வரி சேர்க்காத விலையும் சேர்த்த விலையும் ஒரே சீட்டில் இருக்கலாம். வியாபாரிகளுக்கு முதல் எண் தேவை, நமக்கு இரண்டாவது. தென்னாப்பிரிக்காவில் 2018 ஏப்ரலிலிருந்து வாட் 15 சதவீதம். அரிசி, பருப்பு, தாவர எண்ணெய், மக்காச்சோள மாவு, முட்டை, பால், காய்கறி ஆகியவற்றுக்கு வரி பூஜ்யம் என்பதால் அங்கே வித்தியாசம் வராது. சோப்பு, கழிவறைத் தாள், பிஸ்கட் என்று போனால் 100 ராண்ட் என்று கண்ணில் பட்டது கவுண்டரில் 115 ஆகும். வகுக்கும்போது 115-ஐ வகுங்கள்.

இனி வீணாவதைக் கழிக்க வேண்டும். இதை நான் பட்டுத்தான் கற்றேன். ஒரு ஜனவரியில் 12.5 கிலோ மைதா மூட்டை 170 ராண்டுக்கு வாங்கினேன். 2.5 கிலோப் பாக்கெட் 42. ஐந்து பாக்கெட்டானால் 210. நாற்பது ராண்ட் மிச்சம் என்று சந்தோஷமாகத் தூக்கிவந்தேன். டர்பனின் ஜனவரி எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும், சுவரே வியர்க்கும். மார்ச்சில் ஒருநாள் சல்லடையில் மாவைக் கொட்டியபோது, மாவு இறங்கிய பிறகும் சல்லடையில் ஏதோ ஊர்ந்தது. மிகச் சின்னதாக, செம்பழுப்பு நிறத்தில், ஏழெட்டு வண்டுகள். மூட்டைக்குள் கையை விட்டால் மாவு நூல் நூலாக ஒட்டிக்கொண்டு வந்தது. ஐந்து கிலோவைக் கொட்டினேன். கிலோ 13.60 வீதம் 68 ராண்ட் குப்பைக்குப் போனது. நாற்பது மிச்சப்படுத்தப் போய் 28 ராண்ட் நஷ்டம். உணவைக் கொட்டிய வருத்தம் அதற்கு மேல்.

மாவு வாங்கியதும் தடிமனான பையில் போட்டு நான்கு நாள் உறைபெட்டியில் வைத்தால் அதிலுள்ள வண்டு முட்டைகள் செத்துவிடும். பிறகு இறுக மூடும் டப்பாவில் போட்டுவைக்கலாம். இப்போது அப்படித்தான் செய்கிறேன். ஆனால் என் வீட்டில் மாதம் இரண்டு கிலோகூட ஆகாத பொருளுக்கு 12.5 கிலோ மூட்டை எதற்கு? ஆடியில் கோவிலில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது மக்காச்சோள மாவு மூட்டை மூட்டையாக வாங்குகிறோம். அன்றே தீர்ந்துவிடுகிறது. அங்கே மூட்டைதான் சரி. வீட்டுக்கு ஒரு விதி வைத்திருக்கிறேன்: மூன்று மாதத்துக்குள் தீராத உலர்ந்த பொருளை மூட்டையாக வாங்குவதில்லை.

உறைபெட்டியில் வைக்கும் பொருளுக்கு இன்னும் கடுமையான விதி வேண்டும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் எங்கள் பகுதிக்கு ஐந்து நாள் மின்சாரம் வரவில்லை. நிறைந்த உறைபெட்டி, திறக்காமல் இருந்தால், இரண்டு நாள் தாங்கும். பாதி நிறைந்தது ஒரு நாள். என் பெட்டியில் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிய பத்துக் கிலோ கோழி இருந்தது. இரண்டாம் நாள் மாலை எரிவாயு அடுப்பில் முடிந்த மட்டும் சமைத்துத் தெருவில் கொடுத்தேன். வீடிழந்தவர்கள் இருந்த நேரம் அது. கோழி போனதை இழப்பு என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் கணக்கில் எழுத வேண்டும். புரட்டாசியையும் எழுத வேண்டும். எங்கள் வீட்டைப் போலவே பல தமிழ் வீடுகளில் அந்த மாதம் முழுவதும் கவுச்சி கிடையாது. இறைச்சியில் மிச்சமாகும் என்று கணக்குப் போடுகிறவர்கள் வருடத்துக்குப் பதினொரு மாதம் என்று போட வேண்டும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2021 ஜூலைக் கலவரத்தில் டர்பனில் கடைகளும் கிடங்குகளும் சூறையாடப்பட்டன. ரொட்டிக்கு மணிக்கணக்காக வரிசை நின்றது. அந்த வாரம் எங்கள் தெருவில் மூன்று வீடுகளுக்கு என் அரிசி டப்பாவும் சுகர் பீன்ஸும் சோறு போட்டன. அந்த நிம்மதிக்கு ராண்டில் விலை போட எனக்குத் தெரியாது. ஆகவே உலர்ந்த பொருளை ஒரு மாதத்துக்கு மேலாகவே கையில் வைக்கிறேன். உறைந்ததை இரண்டு வாரத்துக்கு மட்டும்.

போக்குவரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் போய்வர ஏறத்தாழ 35 கிலோமீட்டர். எங்கள் கார் நூறு கிலோமீட்டருக்கு 8 லிட்டர் குடிக்கிறது. பெட்ரோல் லிட்டர் 21 ராண்ட் என்று வைத்தால் 59 ராண்ட். அரிசியில் மிச்சமான 40 அங்கேயே போய்விட்டது. ஆகவே வேறு வேலையாக அந்தப் பக்கம் போகும் நாளில்தான் போகிறேன். அல்லது இரண்டு வீட்டார் ஒரே காரில் போகிறோம். பக்கத்து வீட்டு அக்காவும் நானும் 20 லிட்டர் எண்ணெயைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்கிறோம். இங்கே ஆப்பிரிக்க அண்டை வீட்டார் ஸ்டாக்வெல் என்று வைத்திருக்கும் கூட்டுச் சேமிப்பு இதை இன்னும் ஒழுங்காகச் செய்கிறது: மாதாமாதம் ஒரு தொகை போட்டு, டிசம்பரில் எல்லோருக்குமாக மொத்தமாகச் சாமான் வாங்கிப் பிரிக்கிறார்கள். தனியாளாக இருப்பவர்கள், இரண்டே பேர் உள்ள வீட்டார், இந்த வழியை யோசியுங்கள்.

கடைசியாக, தள்ளுவண்டி. மொத்தக் கடையில் பணம் போவது பெரும்பாலும் பட்டியலில் இல்லாத பொருளில்தான். பழைய ரசீது ஒன்றை எடுத்து, எழுதிப் போனதை ஒரு நிறத்திலும் மற்றதை இன்னொரு நிறத்திலும் கோடிடுங்கள். என் ரசீது ஒன்றில் மொத்தம் 1,840 ராண்ட். பட்டியலில் இருந்தவை 1,150. மீதி 690-க்கு பிளாஸ்டிக் டப்பாக்கள், இரண்டு கிலோ பிஸ்கட், ஒரு மேசை விளக்கு. இந்த 690 மிச்சக் கணக்கில் வராது. செலவுக் கணக்கில் வரும். மூன்று ரசீதிலும் இப்படியே இருந்தால் கார்டு எடுக்காமல் இருப்பது உங்கள் குடும்பத்துக்கு நல்லது.

இப்போது மகளின் கேள்வி. காஸ்ட்கோவில் 2024 செப்டம்பரிலிருந்து சாதாரணக் கார்டு 65 டாலர், எக்ஸிகியூட்டிவ் கார்டு 130. பொருளின் மேல் அவர்கள் வைக்கும் லாபம் சராசரிக் கடையை விடக் குறைவு. கடைசியில் கடைக்கு மிஞ்சும் லாபத்தில் பெரும்பங்கு இந்தக் கட்டணத்திலிருந்துதான் வருகிறது. அதனால் விலை உண்மையிலேயே குறைவாக இருக்கும், நீங்கள் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் கட்டணம் மட்டும் போய்விடும். ஒரே வீட்டு முகவரியில் இன்னொருவருக்கும் தனிக் கட்டணம் இல்லாமல் கார்டு கொடுக்கிறார்கள். பிடிக்கவில்லை என்றால் உறுப்பினர் கட்டணத்தை முழுதாகத் திருப்பித் தருகிறார்கள்; அதனால் எடுத்துப் பார்ப்பதில் பயமில்லை.

பெரிய கார்டு கூடுதல் 65 டாலருக்கு, பெட்ரோல் போன்றவை நீங்கலாக வாங்கியதில் 2 சதவீதம் திருப்பித் தருகிறது. அந்த 65 திரும்பி வர வருடம் 3,250 டாலருக்கு வாங்க வேண்டும், மாதம் 271. "அம்மா, நிச்சயம் ஆகும்" என்றாள். "கண்ணு, நிச்சயத்தை நோட்டில் எழுதிக்காட்டு" என்றேன்.

இரண்டு மாதம் எழுதினாள். துவரம்பருப்பு, இட்லி அரிசி, புளி எல்லாம் எப்படியும் இந்தியக் கடையில்தான் வாங்குகிறாள், அவற்றை அடித்துவிட்டோம். மிஞ்சியதில் பேரனின் டயப்பரில் மாதம் 9 டாலர் மிச்சம், பெட்ரோலில் 6, பால் முட்டையில் 4. மொத்தம் 19, வருடம் 228. கட்டணம் போக 163. அங்கே அவள் செலவழிக்கப்போவது மாதம் 180 டாலர்தான். அதில் 2 சதவீதம் வருடத்துக்கு 43 டாலர் சொச்சம், கூடுதல் 65-க்குப் போதாது. சாதாரணக் கார்டு எடுத்துக்கொண்டாள்.

பேரனுக்கு இப்போது ஒன்றே கால் வயது. டயப்பர் நின்றுவிட்டால் மாத மிச்சம் 10 டாலராக இறங்கும். வருடம் 120, கட்டணம் போக 55. அதனால் புதுப்பிக்கும் தேதிக்கு ஒரு மாதம் முன்னால் காலண்டரில் வட்டம் போட்டு, பக்கத்தில் "நோட்டு" என்று எழுதச் சொல்லியிருக்கிறேன். அன்று இருவரும் தொலைபேசியில் உட்கார்ந்து மறுபடி கூட்டிப் பார்ப்போம்.